தகட்டின் அளவும் சுமந்தவர் தோளும்: நிலக்காட்சிக்கான பெருவடிவக் கேமராவின் வரலாறு

மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் படமெடுக்கப் புறப்பட்ட 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படக்காரர்கள் எந்த அளவுக் கேமராவைத் தேர்ந்தார்கள் என்பதை அவர்களுடைய கலை நாட்டத்தைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. எடுத்த படம் எந்த முறையில் தாளில் அச்சாகும், கருவிகளை அந்த இடம்வரை யார் சுமந்து செல்வார் என்ற இரண்டு வினாக்களுக்குக் கிடைத்த விடைகளே அந்தத் தேர்வைப் பெரும்பாலும் முடிவு செய்தன. அமெரிக்காவின் மேற்குப் பகுதி, இமயமலை, சென்னை மாகாணம் எனப் பல இடங்களில் எடுக்கப்பட்ட படங்களை இந்த இரு வினாக்களின் வழியே நோக்கும்போது, கேமராவின் வடிவமும் அளவும் காலந்தோறும் மாறிவந்ததற்கு ஒரு தொடர்ச்சியான காரணம் புலப்படுகிறது.

இங்கே பேசப்படும் கருவி ஆங்கிலத்தில் வியூ கேமரா எனப்படுவது. அதன் அமைப்பு எளிமையானது: முன்னால் லென்ஸைத் தாங்கும் ஒரு சட்டம், பின்னால் மங்கலாக்கப்பட்ட கண்ணாடியைத் தாங்கும் மற்றொரு சட்டம், இரண்டையும் ஒளி புகாதவாறு இணைக்கும் மடிப்புத் துருத்தி, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு முக்காலி. புகைப்படக்காரர் கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு, மங்கு கண்ணாடியில் தலைகீழாக விழும் பிம்பத்தைப் பார்த்துக் கூர்மையைச் சரிசெய்வார். பிறகு அதே இடத்தில் ஒளியுணர் தகட்டையோ பிலிம் தாளையோ பொருத்திப் படமெடுப்பார். ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனித் தகடு அல்லது தாள் பயன்படுவதும், அதன் அளவு பொதுவாக 4×5 அங்குலத்துக்குக் குறையாமல் இருப்பதும் இவ்வகைக் கேமராவின் அடையாளங்கள். பெருவடிவம் என்ற பெயர் இந்த அளவைக் குறித்தே வந்தது.

தகடு ஏன் பெரிதாக இருக்க வேண்டியிருந்தது என்பதற்கான விடை அச்சு முறையில் இருக்கிறது. பிரான்சின் லூயி தெசிரே பிளாங்கார் எவ்ரார் 1850இல் அறிமுகப்படுத்திய ஆல்புமன் தாள், அதாவது முட்டை வெண்கருவும் வெள்ளி உப்பும் பூசிய தாள், அந்த நூற்றாண்டின் எஞ்சிய காலத்தின் பெரும்பகுதியில் வழக்கில் இருந்தது. நெகட்டிவை இத்தாளின் மீது ஒட்ட வைத்து, சட்டத்தில் இறுக்கி, வெயிலில் காட்டினால் பிம்பம் மெல்ல மெல்லத் தானே தோன்றும். நெகட்டிவும் தாளும் ஒன்றையொன்று தொட்டிருப்பதால் இது தொடு அச்சு எனப்பட்டது. இம்முறையில் படத்தின் அளவு நெகட்டிவின் அளவைத் தாண்டாது. அமெரிக்காவின் டேவிட் வுட்வர்டு 1857இல் காப்புரிமை பெற்ற சூரியக் கேமரா சூரிய ஒளியைக் கொண்டு படத்தைப் பெரிதாக்க உதவியது என்றாலும், ஆல்புமன் தாளின் உணர்திறன் மிகக் குறைவாக இருந்ததால் அவ்வேலை நீண்டதாகவும் நுட்பம் குன்றியதாகவும் அமைந்தது. ஆகவே, கூடத்துச் சுவரில் மாட்டும் அளவுக்குப் படம் வேண்டுமென்றால் அதே அளவுக்குத் தகடும், அந்தத் தகட்டைக் கொள்ளும் அளவுக்குக் கேமராவும் தேவைப்பட்டன.

தகட்டின் அளவோடு அதைப் பக்குவப்படுத்தும் முறையும் சுமையைக் கூட்டியது. இங்கிலாந்தின் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்த வெடிப்பஞ்சுக் கரைசலை அயோடைடு உப்புடன் சேர்த்துக் கண்ணாடியில் ஊற்றி, அது இறுகுமுன் சில்வர் நைட்ரேட் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனே டெவலப் செய்ய வேண்டும். ஈரம் உலர்ந்தால் தகடு உணர்திறனை இழந்துவிடும் என்பதால், படமெடுக்கும் இடத்திலேயே ஓர் இருட்டுக் கூடாரமும், அமிலங்களும், கழுவுவதற்கான நீரும் இருந்தாக வேண்டும். 1850களின் பிற்பகுதியில் எகிப்தில் 16×20 அங்குலத் தகடுகளோடு பயணம் செய்த பிரான்சிஸ் பிரித், கூடாரத்தின் வெப்பத்தில் கொலோடியன் தகட்டின் மேலேயே கொதித்ததைப் பதிவு செய்திருக்கிறார். இத்தனை இடர்களுக்கு இடையிலும் கண்ணாடி நெகட்டிவ் தந்த கூர்மைக்கு ஈடாக அன்று வேறொன்றும் இருக்கவில்லை.

இந்தச் சூழலில் நிகழ்ந்த மிகத் துணிச்சலான தேர்வு கார்ல்டன் வாட்கின்ஸ் என்பவருடையது. நியூயார்க் மாநிலத்தில் 1829இல் பிறந்து, தங்க வேட்டைக் காலத்தில் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த அவர், 1861இல் யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் படமெடுக்கச் சென்றபோது 18×22 அங்குலத் தகடுகளைக் கொள்ளும் கேமரா ஒன்றைத் தனியே செய்வித்து எடுத்துச் சென்றார். மாமத் தகடு என்று பெயர் பெற்ற இந்த அளவின் பரப்பு 396 சதுர அங்குலம். பிற்காலத்தில் பரவலாகிய 8×10 அங்குலத் தகட்டின் பரப்பைப் போல அது ஏறத்தாழ ஐந்து மடங்கு. கண்ணாடி 3 மில்லிமீட்டர் தடிமன் உடையது என்று கொண்டால், ஒரு தகட்டின் எடை மட்டுமே இரண்டு கிலோவை நெருங்கும். அன்று அப்பள்ளத்தாக்குக்கு வண்டிப்பாதை கிடையாது. அது 1874இல்தான் வந்தது. எனவே கேமரா, தகடுகள், ரசாயனங்கள், கூடாரம் அனைத்தும் சுமார் ஒரு டஜன் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏறின. அப்பயணத்தில் வாட்கின்ஸ் சுமார் 30 மாமத் தகடுகளையும், இரு கண்களுக்கும் தனித்தனிப் பிம்பம் காட்டும் ஸ்டீரியோ நெகட்டிவ்கள் சுமார் 100ஐயும் எடுத்தார்.

இத்தேர்வில் வாட்கின்ஸ் ஓர் அளவை மற்றோர் அளவுக்கு மாற்றாகக் கருதவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஸ்டீரியோ படங்கள் மலிவாக, பெருந்தொகையாக விற்பனையாகும் பண்டம். மாமத் படங்கள் கண்காட்சிக்கும் செல்வர் இல்லங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் உரியவை. 1862 டிசம்பரில் நியூயார்க்கின் கூப்பில் காட்சிக்கூடத்தில் அவருடைய படங்கள் வைக்கப்பட்டபோது, கலிபோர்னியாவை நேரில் காண வாய்ப்பற்ற கிழக்குப் பகுதி மக்கள் பாறைச் சுவர்களின் கீறல்களையும் மரங்களின் கிளைகளையும் தனித்தனியே எண்ணும் அளவு நுட்பத்தோடு அப்பள்ளத்தாக்கைப் பார்த்தனர். 1864 ஜூன் 30 அன்று யோசெமிட்டியைப் பொதுமக்களுக்காகப் பாதுகாக்கும் சட்டத்தில் ஆப்ரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். அச்சட்டம் இப்படங்களால் மட்டுமே பிறந்தது என்று சொல்ல இயலாவிட்டாலும், அந்த இடத்தைப் பற்றிய பொதுக் கருத்தை உருவாக்கியவற்றுள் அவை முதன்மையானவை என்பதில் ஐயமில்லை. நேரில் காணாதவரை நம்பச் செய்ய வேண்டும் என்ற தேவையே பெரிய தகட்டின் செலவுக்கும் சுமைக்கும் நியாயம் வழங்கியது.

வில்லியம் ஹென்றி ஜாக்சனின் பணியில் இதே தேவை அரசின் நில அளவைத் திட்டத்தோடு இணைந்தது. பெர்டினாண்ட் ஹேடன் தலைமையிலான நில ஆய்வுக் குழுவில் 1870 முதல் பணியாற்றிய ஜாக்சன், 1871இல் ஓவியர் தாமஸ் மோரனுடன் யெல்லோஸ்டோன் பகுதிக்குச் சென்று எடுத்த படங்கள், 1872 மார்ச் 1 அன்று அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்படுவதற்கு முன் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. அவருடைய கேமராவின் அளவு படிப்படியாக வளர்ந்தது: 1871இல் 8×10, 1873இல் 11×14, 1875இல் 20×24 அங்குலம். குழுவின் நிதியும் அதன் கோவேறு கழுதைகளும் இல்லாமல் இவ்வளர்ச்சி நிகழ்ந்திருக்க முடியாது. அதே ஜாக்சன் 1877இல் அமெரிக்கத் தென்மேற்குப் பகுதிக்குச் சென்றபோது, சுமையைக் குறைக்கும் நோக்கத்தில் கண்ணாடியை விட்டு, முன்கூட்டியே உணர்திறன் ஏற்றப்பட்ட புதுவகைப் பிலிமை எடுத்துச் சென்றார். டெவலப் செய்வதற்குள் பிம்பங்கள் மறைந்துபோனதால் அப்பயணத்தின் நெகட்டிவ்கள் அனைத்தும் வீணாயின. எடையைக் குறைக்கும் முயற்சியில் இருந்த ஆபத்தை இந்நிகழ்வு காட்டுகிறது. ஈரத் தகட்டில் ஒரு நன்மை இருந்தது, படம் விழுந்ததா இல்லையா என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

பயணத்தின் தேவைகள் கேமராவின் உடலமைப்பையும் மாற்றின. தொடக்கக் காலக் கேமராக்கள் ஒன்றுக்குள் ஒன்று நகரும் இரு மரப்பெட்டிகளாக இருந்தன. தகடு பெரிதாகும்தோறும் பெட்டியின் கனமும் பெருகியது. ஸ்காட்லாந்தின் கின்னியர் 1857இல் வடிவமைத்த கேமராவில், பின்புறம் அகன்று முன்புறம் குறுகும் கூம்பு வடிவத் துருத்தி இடம்பெற்றது. மடித்தால் அதன் மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியதால் கேமரா மெல்லிய பலகை போலச் சுருங்கியது. 1882இல் லண்டனின் ஜார்ஜ் ஹேர் வெளியிட்ட கேமராவில் அடிப்பலகை மேல்நோக்கி மடிந்து கண்ணாடியைக் காக்கும் மூடியாகவும் அமைந்தது. பயணத்துக்கு ஏற்றவாறு மடிந்து அடங்கும் இவ்வகைக்குப் பீல்டு கேமரா என்ற பெயர் நிலைத்தது. இன்று விற்பனையாகும் மரத்தாலான பீல்டு கேமராக்களில் பல, அடிப்படையில் இந்த இரு வடிவமைப்புகளின் வழிவந்தவையே.

இந்தியாவில் இதே வினா வேறு விதமாகத் தீர்க்கப்பட்டது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் நியமிக்கப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப், பர்மாவில் ஆவா தூதுக்குழுவுடன் 1855இல் பணியாற்றிய அனுபவத்தைக் கொண்டு, தமிழகப் பயணத்துக்கும் பெரும்பாலும் மெழுகூட்டிய தாள் நெகட்டிவ்களையே பயன்படுத்தினார். பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1851இல் விளக்கிய இம்முறையில், தாளை முதலில் மெழுகில் தோய்த்து, பிறகு உணர்திறன் ஏற்றி, சில நாட்கள் வரை வைத்திருந்து பயன்படுத்தலாம். டெவலப் செய்வதையும் தங்குமிடம் சேரும்வரை தள்ளிப்போடலாம். கண்ணாடியைவிடத் தாள் எடை குறைந்தது, உடையாதது. மாட்டு வண்டிகளில் மாதக்கணக்கில் பயணம் செய்வோருக்கு இது பெரிய வசதி. கண்ணாடியின் கூர்மையை ஓரளவு இழந்தாலும், தாளின் அளவைப் பெரிதாக வைத்துக்கொள்ள இத்தேர்வு இடம் கொடுத்தது. மதுரை, திருச்சி, திருவரங்கம், தஞ்சை, புதுக்கோட்டை ஆகிய ஊர்களின் படங்களோடு ராயக்கோட்டையின் மலைக்காட்சிகளும் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. வெளிறிய வானத்தை வெறுமையாக விட விரும்பாத டிரைப், நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களை உருவாக்கினார்.

தொடு அச்சின் எல்லையை டிரைப் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகள் சான்று. நீண்டு செல்லும் அந்த எழுத்து வரிகள் வாசிக்கத்தக்க அளவில் ஒரே நெகட்டிவில் அடங்கா என்பதால், கேமராவைச் சுவரை ஒட்டிப் படிப்படியாக நகர்த்தி 21 படங்கள் எடுத்து, அவற்றின் அச்சுகளை இணைத்துச் சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே தொடராக அமைத்தார். இது நிலக்காட்சி அன்று என்றாலும், எத்தனை பெரிய கேமராவுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும், அதைத் தாண்டத் தகட்டை மேலும் பெரிதாக்குவதைவிடப் பல தகடுகளை இணைப்பதே நடைமுறைக்கு ஏற்றது என்பதையும் அது உணர்த்துகிறது. சார்லஸ் டிரெவெல்யன் 1859இல் ஆளுநரான பின் இப்பணி மிகையான செலவாகக் கருதப்பட்டு நிறுத்தப்பட்டது.

1863இல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன் நேர்மாறான வழியைத் தேர்ந்தார். இமயமலைக்கு 1863, 1864, 1866 ஆகிய ஆண்டுகளில் மேற்கொண்ட மூன்று பெரும் பயணங்களிலும் அவர் ஈரக் கொலோடியனையே நம்பினார். அவருடைய தகட்டின் அளவு பெரும்பாலும் 12×10 அங்குலம். முதல் பயணத்துக்கே சுமார் 30 சுமையாளர்கள் தேவைப்பட்டனர். பின்னைய பயணங்களில் எண்ணிக்கை கூடியது. 1866இல் ஏறத்தாழ 18,600 அடி உயரமுள்ள மணிரங் கணவாயில் அவர் படமெடுத்தார். அத்தனை உயரத்தில் அதற்கு முன் எவரும் படமெடுத்ததில்லை. இப்பயணங்களைப் பற்றி இங்கிலாந்தின் புகைப்பட இதழில் அவர் எழுதிய தொடர் கட்டுரைகளில், குளிரிலும் செங்குத்தான வழிகளிலும் சுமை தூக்க மறுத்துச் சுமையாளர்கள் ஓடிப்போனதையும், ஒளிந்திருந்தவர்களைத் தடியால் அடித்து மீண்டும் வேலைக்குக் கொண்டுவந்ததையும் அவரே குறிப்பிடுகிறார். காலனி ஆட்சியில் மனித உழைப்பு மலிவாகவும் வற்புறுத்தியும் பெறக்கூடியதாக இருந்த நிலையே, கேமராவின் எடையைப் பற்றிக் கவலைப்படாமல் தகட்டின் தரத்தை மட்டும் பார்க்கும் வாய்ப்பை அவருக்கு அளித்தது.

கணக்கு மாறியது உலர் தகட்டின் வருகையால்தான். ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் 1871இல் முன்வைத்த ஜெலட்டின் முறை, அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஆலைகளில் உற்பத்தியாகும் அளவுக்கு வளர்ந்தபோது இருட்டுக் கூடாரம் பயணத்திலிருந்து விடைபெற்றது. அதைத் தொடர்ந்து வந்த புரோமைடு தாளின் உணர்திறன் மிகுதியாக இருந்ததால், சிறிய நெகட்டிவை விளக்கொளியில் பெரிதாக்கி அச்சிடுவது எளிதாயிற்று. தகட்டின் அளவுக்கும் படத்தின் அளவுக்கும் இருந்த கட்டு இவ்வாறு அறுந்தது. கையில் பிடித்துப் படமெடுக்கும் சிறு கேமராக்களும் பெருகிய நிலையில், பெருவடிவக் கேமரா வழக்கொழிந்திருக்க வேண்டும். ஆனால் நிலக்காட்சிக் கலைஞர்கள் அதைக் கைவிடவில்லை. அவர்கள் அதைத் தேர்ந்ததற்கான காரணங்கள் இப்போது வேறாயின.

அவற்றுள் முதலாவது, முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் தனித்தனியே அசைக்க முடிவது. லென்ஸை மேலே உயர்த்தினால், கேமராவைச் சாய்க்காமலே மரத்தின் உச்சியைப் படத்துக்குள் கொண்டுவரலாம்; மரங்கள் பின்னோக்கிச் சாய்வது போலத் தோன்றா. லென்ஸை முன்னோக்கிச் சாய்த்தால், காலடியில் உள்ள பூவும் தொலைவில் உள்ள சிகரமும் ஒரே நேரத்தில் கூர்மை பெறும். லென்ஸின் தளம், பிலிமின் தளம், கூர்மையாகத் தெரியும் பொருளின் தளம் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும் என்ற இவ்விதி, வானிலிருந்து எடுத்த படங்களைத் திருத்தும் பணிக்காக 1904இல் அதை விரிவாக ஆராய்ந்த ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ஃப்ளக் பெயரால் வழங்குகிறது. இரண்டாவது காரணம், ஒவ்வொரு தாளையும் தனித்தனியே டெவலப் செய்து, காட்சியின் ஒளி வேறுபாட்டுக்கு ஏற்ப நெகட்டிவின் அடர்த்தியைக் கட்டுப்படுத்தும் வசதி. மூன்றாவது, பெரிதாக்கினாலும் கலையாத நுண்விவரம்.

ஆன்சல் ஆடம்ஸ் 1927 ஏப்ரல் 10 அன்று யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையைப் படமெடுத்த நிகழ்வு இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. கொரோனா வகை 6½×8½ அங்குலக் கேமராவையும் ஒரு டஜன் கண்ணாடித் தகடுகளையும் சுமார் 40 பவுண்டு எடையுள்ள மூட்டையாகத் தன் முதுகிலேயே சுமந்து, பனி படிந்த பாதையில் அவர் ஏறினார். எஞ்சிய தகடுகளில் ஒன்றை மஞ்சள் வடிகட்டியோடு எடுத்தபின், வானம் தாம் உணர்ந்த அளவுக்கு இருண்டு வராது என்று கருதி, கடைசித் தகட்டை அடர்சிவப்பு வடிகட்டியோடு எடுத்தார். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமேடிக் தகடு இருந்ததால்தான் இது கைகூடியது. நீல ஒளியை மட்டுமே பெரிதும் உணர்ந்த வாட்கின்ஸின் கொலோடியன் தகட்டில் வானம் எப்போதும் வெளிறியே பதிவாயிற்று. வாட்கின்ஸின் மாமத் தகட்டில் ஏழில் ஒரு பங்கு பரப்பே கொண்ட தகட்டில் ஆடம்ஸ் எடுத்த படம், பெரிதாக்கப்பட்டுச் சுவரில் நின்றபோது அளவால் குறைந்து தோன்றவில்லை.

1932இல் ஆடம்ஸ், எட்வர்டு வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலியோர் சேர்ந்து அமைத்த குழுவுக்கு எஃப்/64 என்று பெயரிட்டார்கள். லென்ஸின் துளையை மிகச் சிறிதாக்கினால் அண்மையும் சேய்மையும் ஒருசேரக் கூர்மை பெறும். அந்தச் சிறு துளையின் எண்ணே குழுவின் பெயராயிற்று. எனினும் இக்குழுவினரிடையே அளவு பற்றிய பழக்கம் ஒன்றாக இருக்கவில்லை. வெஸ்டன் 8×10 நெகட்டிவிலிருந்து தொடு அச்சு மட்டுமே எடுத்தார். தகட்டின் அளவே படத்தின் அளவு என்ற பழைய நெறி அவரிடம் ஒரு கலைக்கொள்கையாகத் தொடர்ந்தது. 1937இல் குகன்ஹைம் நிதி பெற்று அவர் கலிபோர்னியாவைச் சுற்றியது காரில். ஆடம்ஸும் பின்னாளில் காரின் கூரைமேல் மேடை அமைத்து அதில் முக்காலியை நிறுத்தினார். கோவேறு கழுதையின் இடத்தைக் கார் பிடித்தவுடன், 8×10 கேமரா சாலைகளை ஒட்டிய காட்சிகளுக்கு உரியதாயிற்று. சாலையிலிருந்து நெடுந்தொலைவு நடக்க வேண்டிய இடங்களுக்கு 4×5 அங்குலக் கேமராவே பெரிதும் சென்றது. 1962இல் வெளிவந்த எலியட் போர்ட்டரின் வண்ண நிலக்காட்சிப் படங்களும் 4×5 கேமராவில் எடுக்கப்பட்டவை.

இவ்விரு அளவுகளுக்கும் இடையிலான தேர்வு எடையோடு முடிவதில்லை. 4×5இல் இயல்பான பார்வைக் கோணம் தரும் லென்ஸின் குவியத் தூரம் சுமார் 150 மில்லிமீட்டர். 8×10இல் அதே கோணத்துக்கு 300 மில்லிமீட்டர் வேண்டும். குவியத் தூரம் கூடினால் கூர்மையின் ஆழம் குறையும் என்பதால், 4×5இல் எஃப்/22 தரும் ஆழத்தைப் பெற 8×10இல் எஃப்/45 வைக்க வேண்டும். ஒளி படும் நேரமும் நான்கு மடங்காகும். கால் வினாடியில் எடுத்திருக்கக்கூடிய படத்துக்கு ஒரு வினாடி தேவைப்படும்போது, காற்றில் அசையும் புல்லும் இலையும் கலங்கிப் பதிவாகும். பெரிய தகடு எப்போதும் கூடுதல் விவரத்தைத் தரும் என்ற நம்பிக்கை, காற்று வீசும் வெளியில் இவ்வாறு பொய்த்துப்போவதுண்டு.

கேமராவின் உடலைத் தேர்வதிலும் இதே இழுபறி உள்ளது. ஒற்றைத் தண்டின்மேல் இரு சட்டங்களும் நகரும் மோனோரயில் கேமரா எல்லா அசைவுகளையும் தாராளமாகத் தரும் என்றாலும், பருமன் மிகுந்ததால் ஸ்டூடியோவுக்கே பெரிதும் ஏற்றது; நிலக்காட்சிக்கு முன்சட்டத்தின் உயர்வும் சாய்வும் பெரும்பாலும் போதும் என்பதால், அசைவுகள் குறைந்த பீல்டு கேமரா தாழ்ந்த தேர்வாகாது. சிகாகோவின் டியர்டார்ஃப் நிறுவனம் 1923 முதல் மஹாகனி மரத்தில் செய்த 8×10 கேமராவின் எடை ஐந்து கிலோவுக்கு மேல். ஜப்பானின் தச்சிஹாரா செர்ரி மரத்தில் செய்த 4×5 கேமராவின் எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. மூனிக்கின் லின்ஹோஃப் டெக்னிகா உலோகத்தாலானது. அதன் உறுதி மரத்துக்கு வாராது, அதன் கனத்தையும் தோள் தாங்கியாக வேண்டும்.

இவ்வரலாற்றில் ஒவ்வொரு காலத்திலும் தேர்வான தகடு, அச்சு முறை ஏற்றுக்கொள்ளும் சிறுமைக்கும் சுமக்கும் ஏற்பாடு தாங்கும் பெருமைக்கும் இடையே அமைந்தது. கழுதைகளும் கூலி ஆட்களும் சுமந்தவரை தகடு வளர்ந்தது. புகைப்படக்காரரே சுமக்க நேர்ந்தபோது அது சுருங்கியது. ஆகவே அருங்காட்சியகங்களில் உள்ள அக்காலப் பெரும் படங்களை எடுத்தவரின் திறனுக்குச் சான்றாக மட்டும் கொள்வது அரைகுறையான வாசிப்பாகும். பெயர் பதிவாகாத சுமையாளர்களின் உழைப்பும் தகட்டின் அளவிலேயே பதிவாகியிருக்கிறது. இன்று பெருவடிவக் கேமரா ஒன்றைத் தேர்பவர், லென்ஸையும் மரத்தையும் ஒப்பிடத் தொடங்குவதற்கு முன், படம் எந்த அளவில் அச்சாகப் போகிறது, எத்தனை தொலைவு தானே சுமக்க முடியும் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்வாரானால், மற்றத் தேர்வுகள் அவற்றிலிருந்து தொடர்ந்து வரும்.